இருபத்திரண்டு மாடும் ஒரு போலீஸ்காரியும்

நெஸ்டர் பசிச்னிக் எதையும் நம்பாத மனுஷனாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னால் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்து, அவனுக்கென்ன தெரியும் என்பான். ஓட்டுப் போடச் சொல்லி அட்டை வந்தால் அதை வைத்து அடுப்பு மூட்டுவான். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக் கதவில், அவசரப் பிரிவு திங்கட்கிழமை காலைதான் திறக்கும் என்று வாராவாரம் தாள் ஒட்டியிருப்பார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, "நெஞ்சு வலிக்கிறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள வலிச்சுறணும்" என்பான். அவன் பெண்டாட்டி வேராவுக்கு மட்டும் இதற்குச் சிரிப்பு வராது. அந்த ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பத்தொன்பது வருஷம் சூப்பு கிண்டியவள் அவள். படுக்கை குறைந்தது, டாக்டர் குறைந்தார், கடைசியில் கட்டிகட்டியாக உறைந்த சாப்பாடு லாரியில் வர ஆரம்பித்தது. சமையல்காரிகளுக்கு ஒரு கேக்கை வெட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் நெஸ்டர் அப்படி இல்லை. எங்கள் ஊர் ஜோரியாவில் யாரும் கதவைப் பூட்டினதில்லை, அவனும் பூட்டினதில்லை. போன வருஷம் ஏப்ரல் கடைசியில் இரண்டு பேரும் ரெஜைனாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், வெல்டிங் மிஷின், மரம் அறுக்கும் ரம்பம், மேய்ச்சலைச் சுற்றிப் பார்க்கிற நாலு சக்கர மோட்டார் வண்டி, இரண்டு பீப்பாய் டீசல் எல்லாம் போயிருந்தன. வந்தவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வேரா ஊறப்போட்டிருந்த மீனை ஜாடியோடு காலி பண்ணியிருந்தார்கள். போனதை விட அதுதான் வேராவுக்கு உறுத்தியது. தன் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரியாமல் ரொம்ப நாள் அவள் அதில் உட்காரவே இல்லை.

போலீசுக்குப் போன் பண்ணினார்கள். ஒரு கோப்பு எண் கொடுத்தார்கள். ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. பதினைந்து நாள் பொறுத்த நெஸ்டர், சிவப்புப் பெயிண்டை எடுத்து அந்த எண்ணைக் கொட்டகைக் கதவில் ஆள் உயரத்துக்கு எழுதினான். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், "வெல்டிங் மிஷின் போச்சுல்ல, அதுக்குப் பதிலா கவர்மெண்டு குடுத்தது" என்பான்.

அப்புறம் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட்டு வந்தது. காமிரா வந்தது. அதற்கும் அப்புறம், நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்கு மகள் பக்கத்தில் போய்விடலாம் என்ற பேச்சு வந்தது.

"இங்கயே கெடந்து பயந்துக்கிட்டே சாகணுமா?" என்று கேட்டான்.

"அங்க போயிப் பயப்படலாம்ங்கிறியா?" என்றாள் வேரா.

இந்த நிலைமையில்தான் அக்டோபர் மாதம் மூன்றாம் ஞாயிறு வந்தது. எங்கள் ஊர் மண்டபத்தில் அறுவடை விருந்து அன்றைக்கு. மூன்று நாள் விடாமல் தூறிவிட்டு அன்று காலைதான் வெளுத்திருந்தது. பாப்ளார் மரத்து இலையெல்லாம் மஞ்சளாகத் தரையில் ஒட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே வாத்துக் கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மழை பெய்த மறுநாள் தார் ரோட்டை விட்டு இறங்குகிறவன் ஒன்று முட்டாளாக இருக்கவேண்டும், இல்லையென்றால் வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும்.

விருந்துக்கு வேலை வெள்ளிக்கிழமையே ஆரம்பித்திருந்தது. பதினாலு பொம்பளைகள் மேஜையைச் சுற்றி நின்று உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மூவாயிரம் பெரோகிக் கொழுக்கட்டை மடித்திருந்தார்கள். முட்டைக்கோசு இலையில் சோறு சுருட்டித் தட்டுத்தட்டாக அடுக்கியிருந்தார்கள். இருபத்தாறு வான்கோழி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அறுக்கிற வேலை வழக்கம்போல் எனக்கு. கோயிலுக்குப் போகாத பாவத்துக்கு அந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நெஸ்டரும் வேராவும் பூசை முடிந்து பதினொன்றரைக்கு வீடு திரும்பினார்கள். கேட்டுச் சங்கிலி அறுந்து கிடந்தது. காமிராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பதற்காக நெஸ்டர் முந்தின நாள்தான் மந்தை முழுவதையும் பட்டியில் அடைத்து வைத்திருந்தான். திருடனுக்கு அது வசதியாகப் போயிற்று. இருபத்திரண்டு மாடு, இருபத்திரண்டு கன்று. ஒன்றும் இல்லை. பட்டியில் சாணியும் பெரிய டயர்த் தடமும்தான் இருந்தன.

நெஸ்டர் கொஞ்ச நேரம் அந்தக் காலிப் பட்டியில் நின்றான் என்று வேரா பிற்பாடு சொன்னாள். ஏசவில்லை, கத்தவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். அதுதான் பயமாக இருந்தது என்றாள்.

போன் போட்டான். எங்கேயோ நகரத்தில் இருந்து ஒரு பெண் எடுத்தாள். முகவரி கேட்டாள். சொன்னான். பக்கத்தில் குறுக்குத் தெரு எது என்று கேட்டாள்.

"குறுக்குத் தெருவா? இங்க குறுக்க போறது நரி மட்டுந்தாம்மா."

ஆள் அனுப்புவதாக அவள் சொன்னாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். ஒரு மணி நாற்பது நிமிஷம் என்றாள். நெஸ்டர் போனை வைத்துவிட்டு நேரே அலமாரிக்குப் போய் மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்தான். தோட்டாப் பெட்டியைத் தேடினான். இல்லை. வேராவைக் கேட்டான். தெரியாது என்றாள். தெரியும் என்று அவனுக்குத் தெரியும். போன வருஷம் திருட்டுப் போன வாரத்திலேயே அவள் அதை எடுத்து ஒளித்துவிட்டாள்.

"வெறும் துப்பாக்கிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"எடுத்துட்டுப் போனவனுக்குத் தெரியுமா அது வெறும் துப்பாக்கின்னு?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே நெடுஞ்சாலைப் பக்கம் பறந்தான்.

வேரா இன்னொரு வண்டியில் ஏறி மண்டபத்துக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். பெரோகி வேகிற சத்தம் மட்டும் கேட்டது. போலீசுக்குச் சொல்லியாச்சா என்று யாரோ கேட்டார்கள். அதற்கு ஒரு மாதிரிச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தச் சிரிப்பு எங்கள் ஊரில் கொஞ்ச நாளாக வளர்ந்துவந்த ஒன்று. ஆஸ்பத்திரி என்றாலும் அதே சிரிப்புதான், அரசாங்கம் என்றாலும் அதே சிரிப்புதான்.

மணி ஒன்று இருக்கும், வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. மெத்தோடி வந்து இறங்கினார். எழுபத்தொரு வயசு, கல்யாணம் ஆகாதவர். ஊருக்குக் கிழக்கே மூன்று மைலில் தனியாக இருக்கிறார். வேரா மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவுக்கு எங்கள் ஊரில் கூம் என்று பேர். தந்திக்கம்பத்துச் செப்புக் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போனதில் மூன்று மாதமாக அவர் வீட்டுப் போன் செத்துக் கிடந்தது. அவர் பிக்கப் வண்டியும் ரிப்பேர். அதனால் எதைச் சொல்வதென்றாலும் டிராக்டரில் வந்துதான் சொல்லவேண்டும்.

மனுஷன் எதையும் அவசரமாகச் சொல்ல மாட்டார். கையைத் துடைத்தார். காப்பி கேட்டார். வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"வேரா, ஒம் மாடு மல்வினாவுக்கு எடது கொம்பு பாதிதானே?"

"ஆமா, கூம். ஏன்?"

"அப்ப அது மல்வினாதான்" என்றார்.

நடந்தது இதுதான். காலையில் இரண்டு பேர் முழங்கால் வரை சேற்றோடு அவர் வீட்டுக்கு நடந்து வந்து, மாட்டு லாரி சதுப்புப் பக்கம் மண் ரோட்டில் புதைந்துவிட்டது, இழுத்துவிட முடியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். மெத்தோடி சங்கிலியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதை மாட்டும்போது லாரிப் பலகை இடுக்கு வழியாக ஒரு அரைக்கொம்பு மாடு அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. வேலி தாண்டி வந்து வருஷா வருஷம் அவர் ஆப்பிளைத் தின்கிற மாடு. அவருக்குத் தெரியாதா?

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"இழுத்துவிடுன்னு கேட்டான், இழுத்தேன்." இன்னொரு வாய் காப்பி. "ரோட்டுப் பக்கமா இழுக்கல. பள்ளத்துப் பக்கமா இழுத்தேன். இப்ப அச்சு வரைக்கும் உள்ள இருக்கு. பெரிய சங்கிலி எடுத்துட்டு வாரேன், இருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். குளுருமேன்னு பிளாஸ்க்கைக் குடுத்துட்டு வந்தேன்."

மண்டபமே சிரித்தது. வேரா அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வான்கோழிக் கத்தியோடு நானும் வண்டியில் ஏறிவிட்டேன், அப்புறம் இறங்கிக் கத்தியை வைத்துவிட்டு ஏறினேன். பதினோரு வண்டி கிளம்பியது. வேராவை நெஸ்டருக்குப் போன் போடச் சொன்னோம். சிக்னல் கிடைக்கவில்லை. வேறு யாரோ முயற்சி பண்ணிப் பிடித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

மண்டபத்துக்கே வரச் சொல்லியிருந்த போலீஸ் வண்டிக்காக வேரா மட்டும் வாசலில் நின்றிருந்தாள். இருபத்தாறு வயசுப் பெண் இறங்கினாள். ஷெல்பி பிட்மேன் என்று பேர். எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம். அதற்குமுன் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கடலோரத்துக்காரி. அவள் மெஷின் காட்டுகிற வரைபடத்தில் அந்த மண் ரோடே இல்லை. வழி காட்டுகிறேன் என்று வேரா முன் சீட்டில் ஏறினாள்.

இத்தனை நாளாக வேரா மனசுக்குள் ஒரு போலீஸ்காரனை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தொப்பை தடவுகிற ஒரு ஆள். இங்கே பார்த்தால் சீட்டுக்கு நடுவில் கால்வாசி கடித்த சாண்ட்விச், பின்னால் ஈரமான ஒரு ஜோடி காலுறை, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒரு பெண். ஸ்டேஷனில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று வேரா கேட்டாள். மூன்று பேர் என்றாள் ஷெல்பி. ஒருத்தர் முதுகு ஒடிந்து படுத்திருக்கிறார், ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நான் மட்டுந்தான். எங்க எல்லையோட இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்குப் போக ரெண்டு மணி நேரம். நான் எங்க போனாலும் லேட்டுதான்."

வேரா சாண்ட்விச்சை எடுத்து அவள் கையில் கொடுத்து, நேரா போ, நான் சொல்ற எடத்துல திரும்பு, அதுக்குள்ள தின்னு முடி என்றாளாம்.

நாங்கள் ரோட்டை இரண்டு பக்கமும் மறித்து நின்றோம். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்த ஆள் மாதிரி பள்ளத்தில் கிடந்தது. உள்ளே கன்றுகள் கத்துகிற சத்தம். அந்த இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து மெத்தோடியின் பிளாஸ்க்கை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்கே ஓடுவது என்று சுற்றிலும் பார்த்தார்கள். ஒரு பக்கம் சதுப்பு, மறுபக்கம் உழுத நிலம். மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நெஸ்டர் வந்தான். வண்டிக் கதவைக்கூடச் சாத்தவில்லை. துப்பாக்கியைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். முகம் அவன் முகமாக இல்லை. இரண்டு பேரில் இளையவன் கையைத் தூக்கிவிட்டான். அதே சமயம் போலீஸ் வண்டி வந்து நின்றது. ஷெல்பி இறங்கினாள், அவள் கை இடுப்புக்குப் போனது. அந்தத் துப்பாக்கியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, அதக் கீழ வையுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை.

"போன வருஷம் கூப்பிட்டேன். வரல. இன்னிக்கு எங்க ஊர்க்காரங்க புடிச்சு வச்ச பொறகு வந்து, என்னையப் பாத்துக் கீழ வைங்கிறியா?"

வேரா மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு சேற்றில் நடந்து வந்து, நெஸ்டருக்கும் ஷெல்பிக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அதுல தோட்டா இல்ல, பொண்ணே. தோட்டா என் தையல் பெட்டில கெடக்கு." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நெஸ்டர். மாடு போனா மாடு. ஒன்னைய யாரு எனக்குத் திருப்பித் தருவா?"

அவன் கை மெல்லத் தாழ்ந்தது. துப்பாக்கியை வண்டி மூடியின் மேல் வைத்தான். ஷெல்பி வந்து எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டுபோய்த் தன் வண்டிப் பெட்டியில் பூட்டினாள்.

திரும்பி வந்து நெஸ்டர் முன்னால் நின்றாள்.

"ஒங்க போன வருஷத்துக் கோப்பை வர்றதுக்கு முன்னாடி படிச்சேன். ஒரே ஒரு பக்கம். யாரும் வந்து பாக்கல. அது தப்பு. அதுக்கு என்கிட்ட சமாதானம் ஒண்ணும் இல்ல."

ஒன்றரை வருஷமாக நெஸ்டர் தயார் பண்ணி வைத்திருந்த சண்டையெல்லாம் ஏதாவது சாக்கு சொல்கிறவனுக்காக. சாக்கே சொல்லாதவளிடம் என்ன பேசுவது?

"இப்ப எனக்கு ஒதவி வேணும்" என்றாள் அவள். "அந்த ரெண்டு பேர நான் பாத்துக்குவேன். இருபத்திரண்டு மாட்ட என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல மீனுதான்."

"மாட்டக் கிட்டக்கப் பாத்திருக்கியா?"

"இன்னிக்குத்தான் பாக்கப்போறேன்."

முதலில் சிரித்தது மெத்தோடி. அப்புறம் எல்லாரும். அந்தத் திருடன்களில் ஒருத்தன்கூடச் சிரித்தான். துப்பாக்கியைத் திங்கட்கிழமை ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஷெல்பி சொன்னதும், "திங்கட்கிழமையாவது தொறந்திருக்குமா?" என்று கேட்டான் நெஸ்டர். பத்திலிருந்து இரண்டு வரைக்கும் என்றாள். மறுபடி ஒரு சிரிப்பு. ஆனால் இது அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

அதன்பிறகு வேலைதான். ஷெல்பி இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டித் தன் வண்டியில் உட்காரவைத்தாள். மெத்தோடியின் கொட்டகையிலிருந்து இருபது உருண்டை வைக்கோல் வந்தது. லாரியின் பின்வாசலில் இருந்து மேட்டு ரோடு வரைக்கும் அதைப் பிரித்து மெத்தை மாதிரி விரித்தோம். பலகைகளை நிறுத்தி இரண்டு பக்கமும் மறைப்புக் கட்டினோம். பின்கதவு திறந்ததும் உள்ளிருந்து மூத்திர நெடியும் வெக்கையும் அடித்தன. முதல் மாடாக மல்வினா வந்து வாசலில் நின்றுகொண்டு, வர மாட்டேன் என்று முன்னங்காலை ஊன்றிவிட்டது. நெஸ்டர் கூப்பிட்டான், வரவில்லை. மெத்தோடி சட்டைப்பையில் இருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் காட்டினார். இறங்கி வந்தது. அது வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தன. தாயும் கன்றுமாக, ஒன்றையொன்று தேடிக் கத்திக்கொண்டு, வைக்கோலில் புரண்டு எழுந்து.

கடைசிக் கன்று சரிவில் வழுக்கிப் பள்ளத்துத் தண்ணீருக்குப் போகப் பார்த்தது. பக்கத்தில் நின்றது ஷெல்பி. மாட்டைத் தொட்டுப் பழகாதவள், பெரிய மீனைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அதோடு சேர்ந்து சேற்றில் விழுந்தாள். விடவில்லை. நாங்கள் போய்த் தூக்கும்போது கன்று எது, போலீஸ் எது என்று தெரியவில்லை. நெஸ்டர் தன் கைக்குட்டையை எடுத்து அவளுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தான்.

எண்பது மைல் தள்ளியிருக்கிற வேறொரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு வண்டி வந்து அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது. போவதற்குமுன், எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மண்டபத்துப் பொம்பளைகள் அவர்கள் கையிலும் ஆளுக்கு ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் பெரியவன் தலையைத் தூக்காமலே தின்றான்.

ஷெல்பி வண்டியின் பின்சீட்டு காலியானதும் நெஸ்டர் அதை எட்டிப் பார்த்தான். வழுக்கி விழுந்த அந்தக் கன்று நொண்டியது.

"இதுல யார ஏத்துவீங்க?"

"பிடிச்சவங்கள."

"இவனையும்தானே நீ புடிச்ச. ஏத்து" என்றான்.

நெஸ்டரின் பட்டிக்கு மூன்றரை மைல் நடந்தோம். முன்னால் மெத்தோடி டிராக்டரில் வைக்கோலோடு, அதன் பின்னால் மந்தை, இரண்டு பக்கமும் நாங்கள். கடைசியில் சிவப்பும் நீலமும் சுற்றிச் சுற்றி எரிய போலீஸ் வண்டி ஊர்ந்து வந்தது. அதன் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கன்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. விருந்துக்கு வருகிற கார்கள் எல்லாம் ஓரத்தில் நின்று ஹாரன் அடித்தன. எங்களோடு இறங்கி நடந்தவர்களும் உண்டு. வெயில் சாய்ந்து அறுத்த கோதுமைத் தாளெல்லாம் பொன்னாகக் கிடந்தது. வேரா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் நடந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. விற்கிற பேச்சை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

ஐந்து மணி விருந்து ஆறரைக்குத்தான் ஆரம்பித்தது. பெரோகி கொஞ்சம் குழைந்திருந்தது, யாரும் கவலைப்படவில்லை. ஷெல்பிக்கு வேரா தன் கால்சட்டையையும் நெஸ்டரின் கம்பளிச் சட்டையையும் கொடுத்திருந்தாள். இரண்டும் தொளதொளவென்று தொங்க, இடுப்பு வாரை மட்டும் அதற்குமேல் கட்டிக்கொண்டு அவள் பதினேழு பெரோகி சாப்பிட்டாள். எண்ணியது நெஸ்டர். அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்ததும் மெத்தோடி அவளை ஆடக் கூப்பிட்டார். கடலோரத்து ஆட்டம் வேறு மாதிரி போல. குதித்துக் குதித்து ஆடினாள். மனுஷன் ஈடுகொடுத்தார்.

பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் தோளில் இருந்த ரேடியோ பேசியது. அவள் நின்றுவிட்டாள். வடக்கே ஏரிக்கு அப்பால் ஒரு வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறாள், கொட்டகையில் யாரோ நடமாடுகிறார்கள் என்று. ஷெல்பி ஈரச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நெஸ்டரும் நானும் அங்கே நின்றிருந்தோம்.

எவ்வளவு தூரம் என்று நெஸ்டர் கேட்டான். நெடுஞ்சாலை வழியாக ஒன்றேகால் மணி நேரம் என்றாள்.

"ஏரிக்கரைச் சரளை ரோட்டுல போனா முக்கா மணி நேரம். மேட்டு ரோடு, சேறு கெடையாது. ஆனா ஒன் மெஷின்ல இருக்காது. திருப்பம் வேற தெரியாது, பழைய பால் கொட்டகைக்கு அந்தாண்ட."

அவன் உள்ளே எட்டி ஐஸ்கிரீம் வாளி ஒன்றில் மிச்சப் பெரோகியை வாரிப் போட்டு அவள் கையில் கொடுத்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"திருப்பம் வரைக்கும் எம் பின்னாடியே வா. வேகமாத்தான் போவேன். அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

இரண்டு வண்டியும் கிளம்பின. முன்னால் நெஸ்டரின் பழைய பிக்கப், பின்னால் விளக்குச் சுற்றிக்கொண்டு போலீஸ். மண்டப வாசலில் இருந்து பார்க்கும்போது நெஸ்டர்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஓடுகிற மாதிரி இருந்தது. பால் கொட்டகைக்கு அந்தப் பக்கம் அவன் விளக்கு நின்றது. போலீஸ் விளக்கு மட்டும் வடக்கே திரும்பி ஏரிக்கரையோடு போய்ச் சிறுத்து மறைந்தது. அது மறைந்து ரொம்ப நேரம் வரைக்கும் நெஸ்டரின் வண்டி அங்கேயே நின்றிருந்தது.